முசல் வலையும் எயார் றைபிளும்: விசுவமடுவில் ஒரு சின்ன வேட்டையின் வரலாறு

வன்னியைப் பற்றி ஒரு புத்தகம் எடுத்தால் முதலில் வன்னிமைகள் வரும், பண்டாரவன்னியன் வருவான், குளங்கள் வரும். அதற்குப் பிறகு ஒரே பாய்ச்சலில் யுத்தத்துக்கு வந்துவிடுவார்கள். இரண்டுக்கும் இடையில் சனம் எப்படிச் சீவித்தது, சோற்றோடு என்ன கறி வைத்தது, தோட்டத்தை எதிடமிருந்து காவல் காத்தது என்று எழுதினவர்கள் குறைவு. பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கத் தொடங்கின பிறகுதான் இந்த இடைவெளி எங்களை உறுத்தத் தொடங்கியது.

இன்னொரு காரணமும் இருக்கு. விசுவமடு, தருமபுரம், உடையார்கட்டுப் பக்கமிருந்து கம்பஸ் வந்த ஆக்களுக்கு இது விளங்கும். ஊர் எது என்று கேட்டுப் பதில் சொன்னதும் அடுத்த கேள்வி, "அங்க காட்டு இறைச்சி வாங்கலாமோ?" என்றுதான் வரும். பகிடியாத்தான் கேட்பினம். ஆனா அந்தப் பகிடிக்குள்ள ஒரு கணக்கு இருக்கு. வன்னி என்றால் காடு, காடு என்றால் வேட்டை, வேட்டை என்றால் நாகரிகம் தெரியாத சனம். அந்தக் கணக்கு சரியா என்று வரலாற்றை வைத்துப் பார்க்க விரும்பினோம். யானை, மான், பன்றி எல்லாத்தையும் விட்டிட்டு ஆகச் சின்னதை எடுத்தோம், முசலை. எங்கட பக்கத்தில் முசல் வலை முடியத் தெரிந்த கைகள் இன்னும் இருக்கு. எயார் றைபிள் தூக்கிற இளம் கைகளும் இருக்கு. அந்த இரண்டு கைகளுக்கும் நடுவில் ஒரு அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு கிடக்கு.

இது வேட்டைக்கு வழிகாட்டும் கட்டுரை அல்ல. வேட்டையைப் போற்றுகிற கட்டுரையும் அல்ல. ஒரு கருவி போய் இன்னொரு கருவி வந்தபோது அதோடு சேர்ந்து வேறு என்னென்ன மாறியது என்று பார்க்கிறோம்.

எந்த முயல்?

புத்தகத்தில் முயல், எங்கட வாயில் முசல். "பிடிச்ச முசலுக்கு மூண்டு கால்" என்று பிடிவாதக்காரரைச் சொல்லுவோம். வீடுகளில் கூட்டுக்குள்ள வளர்க்கிற வெள்ளை முயல் வேறு இனம். அது ஐரோப்பிய முயலின் வழிவந்தது. மண்ணில் வளை தோண்டும், குட்டிகள் மயிரில்லாமல், கண் திறக்காமல் பிறக்கும். எங்கட பற்றைகளில் ஓடுவது கருங்கழுத்து முயல். இந்தியாவிலும் இலங்கையிலும் இருக்கிற இனம் இது. பின்கழுத்தில் கறுப்புத் திட்டு இருக்கும். இது வளை தோண்டாது. புல்லுக்குள்ள, பற்றை அடியில உடம்பு அளவுக்கு ஒரு பள்ளம் அமைத்துப் பகல் முழுக்க அசையாமல் கிடக்கும். குட்டிகள் மயிரோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் வேறு வேறு பெயர் இருக்கு. தமிழில் இரண்டும் முயல்தான்.

இந்த வித்தியாசத்தை ஏன் சொல்கிறோம் என்றால், வேட்டை முறை முழுக்க இதில்தான் நிற்கிறது. வளைக்குள் போகிற மிருகத்தை வளை வாயில் பிடிக்கலாம். வளை இல்லாத மிருகத்தை அதன் பாதையில்தான் பிடிக்கவேணும். முசல் இருட்டினதும் வெளிக்கிட்டு மேயும். விடியமுன்னம் திரும்பிப் படுக்கைக்கு வரும். போறதும் வாறதும் பெரும்பாலும் ஒரே தடத்தில். வேலியில் ஒரு பொட்டு இருந்தால் அதே பொட்டுக்குள்ளாலதான் திரும்பத் திரும்பப் பூரும். கண் இரண்டும் தலையின் பக்கவாட்டில் இருப்பதால் பின்னால் வருகிறவனை ஓடிக்கொண்டே பார்க்கும். ஆனால் மூக்குக்கு நேரே முன்னால் இருப்பது அதற்குச் சரியாகத் தெரியாது. கலைத்தால் முன்னால் இருக்கிற வலையைக் காணாமல் நேரே போய் விழும். வலையைக் கண்டுபிடித்தவன் மிருகநூல் படித்தவன் இல்லை. ஆனால் இவ்வளவும் அவனுக்குத் தெரிந்திருக்கு.

வலை

முசல் வலை மீன் வலையின் தம்பி என்று சொல்லலாம். ஒரே முடிச்சு, ஒரே ஊசி. உயரம் முழங்காலுக்குக் கொஞ்சம் மேல். நீளம் ஆளைப் பொறுத்தது. சின்ன வலைகளைத் தொடுத்தும் கட்டுவார்கள். கண்ணின் அளவுதான் முக்கியம். தலை போகவேணும், உடம்பு போகக்கூடாது. பழைய காலத்தில் பருத்தி நூலிலும் மருள் நாரிலும் முடிந்தார்கள். நைலோன் வந்த பிறகு அது மாறியது. முல்லைத்தீவுக் கரை கிட்ட இருப்பதால் கழித்துவிட்ட மீன் வலையும் கைக்கு வரும்.

வலையை இறுக்கிக் கட்டினால் முசல் மோதித் தெறித்துத் திரும்பிவிடும். தொய்வாய் விடவேணும். தடிகளை நட்டு, மேல் கயிற்றை அதில் சும்மா கொளுவி வைக்கவேணும், மோதின உடனே கழன்று மேலே விழுகிற மாதிரி. இப்படிக் கட்டிப்போட்டு இரண்டு பேர் வலைக்குப் பக்கத்தில் அனங்காமல் இருப்பினம். மற்றவர்கள் எதிர்ப் பக்கத்திலிருந்து தடியால் பற்றைகளைத் தட்டிக்கொண்டு வருவினம். நாய்களும் வரும். ஆகக் குறைந்தது ஐந்தாறு பேர் இல்லாமல் இந்த வேட்டை நடக்காது.

ஐந்தாறு பேர் சேர்ந்து பிடித்ததை ஒருவர் கொண்டுபோக முடியாது. அதனால பங்கு. வலை யாருடையதோ அவருக்கு ஒரு பங்கு என்று வைத்துத்தான் மிச்சம் பிரிப்பினம். ஒரு முசல் தோலுரித்தால் இரண்டு கிலோவும் தேறாது. அதை ஆறாய்ப் பிரித்தால் ஒருவருக்கு என்ன வரும்? ஒரு சட்டிக் குழம்புக்கு நாலு துண்டு. இறைச்சிக்காக மட்டும் என்றால் அந்த உழைப்புக்கு இது கட்டுபடியாகாது. சேர்ந்து போவதும் அதில் ஒரு பகுதி.

பெரும்பாணாற்றுப்படையும் கிரேக்கத்து நூலும்

இந்த முறை எவ்வளவு பழசு என்று தேடினபோது எங்களுக்கே ஆச்சரியமாய் இருந்தது. பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படை, தொண்டைமான் இளந்திரையன் மேல் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. பாணன் ஒருவனுக்கு வழி சொல்லுகிற பாட்டு அது. வறண்ட காட்டுவழியைச் சொல்லும் இடத்தில் ஒரு முயல் வேட்டை வருகிறது. நாய்களோடு போய்ப் புதர்களை அடித்துக் கலைத்து, வேலியோரம் வலைகளைத் தொடுத்துக் கட்டி, நீண்ட காது முயல்கள் தப்ப வழியில்லாமல் வளைத்துப் பிடித்து, காட்டிலேயே கானவர்கள் கூடி உண்ணுகிறார்கள். நாய், புதர் தட்டுதல், தொடர் வலை, கூடித் தின்னல். விசுவமடுவில் வலை கட்டினவர்கள் இந்தப் பாட்டைப் படித்துவிட்டுக் கட்டவில்லை. ஆனால் நாலும் அப்படியே இருக்கு.

கிரேக்கத்திலும் இதே வேட்டை. சோக்கிரட்டீசின் மாணவர்களில் ஒருவரான செனபோன் கி.மு. 4ஆம் நூற்றாண்டில் வேட்டை பற்றி எழுதிய நூலில் பெரும்பகுதி முயலைப் பற்றியது. என்ன சணலில் வலை முடியவேணும், பாதைக்கு எந்த வலை, வெட்டைக்கு எந்த வலை, வலைக்காவலன் எங்கே நிற்கவேணும் என்று அத்தனையும் எழுதிவைத்திருக்கிறார். அதில் ஒரு விசயம் எங்களைப் பிடித்துக்கொண்டது. மிகச் சின்னக் குட்டிகளை வேட்டைக்காரர் அர்ட்டெமிஸ் தேவிக்கென்று விட்டுவிடுவார்களாம். வேட்டைக்கு அதிபதியான தேவி அவள். குட்டியைப் பிடித்தால் அடுத்த வருடம் வேட்டை இல்லை என்ற கணக்குக்கு ஒரு சாமியின் பெயரைக் கொடுத்திருக்கிறார்கள்.

செனபோனுக்குக் குதிரை இருந்தது, காணி இருந்தது. அவர் முயல் பிடித்தால் அது பண்பட்ட மனிதனின் பயிற்சி. கானவன் பிடித்தால் வழியில் காணும் ஒரு காட்சி. எங்கட ஆக்கள் பிடித்தால் "காட்டுச் சனம்". வேட்டை ஒன்றுதான், பெயர்தான் வேறு வேறு.

குடியேற்றத் திட்டமும் முசலும்

விசுவமடு பழைய கிராமம் மாதிரிப் பார்வைக்குத் தெரிந்தாலும் அதன் பெரும்பகுதி 1960களின் பிற்பாதியில் படித்த வாலிபர் திட்டமாய்க் காடு வெட்டி உருவானது. பரந்தன் முல்லைத்தீவு வீதிக்கு இரண்டு பக்கமும் காணிகள் பிரித்துக் கொடுக்கப்பட்டன. வந்தவர்களில் பலர் யாழ்ப்பாணத்துப் பெடியள். எஸ்.எஸ்.சி. படித்துவிட்டு வேலை இல்லாமல் இருந்தவர்கள். 1970இல் வந்த சிறிமாவோ அரசாங்கம் மிளகாய், வெங்காய இறக்குமதியை இறுக்கினது. செத்தல் மிளகாய் விலை ஏறினது. விசுவமடுவும் முத்தையன்கட்டும் மிளகாய்க்குப் பெயர் எடுத்தன. 1977இல் ஜே.ஆர். வந்து இறக்குமதியைத் திறந்துவிட அந்தப் பொற்காலம் விழுந்தது. எங்கட தாத்தாமார் இன்றைக்கும் ஆட்சி மாற்றத்தை மிளகாய் விலையில்தான் கணக்கு வைப்பினம்.

தோட்டக் கூலிக்கு ஆள் தேவைப்பட்டது. 1970களின் பஞ்சத்தாலும் 1977 வன்செயலாலும் மலையகத்திலிருந்து துரத்தப்பட்ட குடும்பங்கள் வன்னிக்கு வந்தன. காணிக்காரர் ஒரு பக்கம், கூலிக்காரர் மறு பக்கம் என்று இந்த மண்ணுக்குள்ளேயே ஒரு பிரிவு வந்தது. ஊர்களின் பெயரைப் பார்த்தால் புதிசாய் உண்டானது விளங்கும். வள்ளுவர்புரம், இளங்கோபுரம், பாரதிபுரம் என்று புலவர்களின் பெயர்கள். நோர்வேயின் சிறுவர் நல அமைப்பான றெட்பானாவின் பெயரே ஒரு இடத்துக்கு ஊர்ப்பெயராய் நிலைத்துவிட்டது.

காட்டை வெட்டினால் முசல் குறையும் என்று நினைப்போம். நடப்பது வேறு. அடர்ந்த காடு முசலுக்கு அவ்வளவு தோதான இடமல்ல. வெட்டையும் பற்றையும் பயிரும் கலந்த இடம்தான் அதற்கு விருப்பம். குடியேற்றம் அதைத்தான் உருவாக்கியது. ஒரு பக்கம் கச்சான், பயறு, கவ்பி. மறு பக்கம் வெட்டாத பற்றை. இரவில் வந்து குருத்தைக் கடித்துவிட்டு விடிய முதல் பற்றைக்குள் போய்ப் படுக்கலாம். முசல் கடித்த குருத்து கத்தியால் சரிவாய் வெட்டின மாதிரி இருக்கும். யானை, பன்றி அளவுக்கு நட்டம் வராது. ஆனாலும் கச்சான் முளைத்த கிழமையில் வரிசை வரிசையாய்க் கடித்தால் அது ஒரு நட்டம்தான். ஆக இங்கே முசல் வேட்டை பாதி தோட்டக் காவல், பாதி கறி. மலையகத்திலிருந்து வந்தவர்களிடம் நாய் பழக்குகிற கை இருந்தது. பழைய வன்னிச் சனத்திடம் தடம் பார்க்கிற கண் இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சிலருக்குக் கரையோரச் சொந்தங்களால் வலை முடியத் தெரியும். ஒரு முசல் வலையைச் சுற்றி இந்த மூன்று வகைச் சனமும் நின்றிருக்கு. வேறு எந்த இடத்தில் இவர்கள் சமமாய் நின்று பங்கு பிரித்தார்கள் என்று யோசித்துப் பார்க்கவேணும்.

துவக்கு யாருக்கு?

அந்தக் காலத்தில் துவக்கு இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது, ஆனால் எல்லோரிடமும் இல்லை. 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின்படி துவக்கு வைத்திருக்க அனுமதிப்பத்திரம் வேணும். அது கிடைக்கிறது காணி, வசதி, செல்வாக்கு உள்ள ஆளுக்கு. கூலிக்காரனுக்கு வலைதான்.

இந்தச் சட்டங்களின் பின்னணியைக் கொஞ்சம் பார்ப்பம். 19ஆம் நூற்றாண்டில் இலங்கைக்கு வந்த வெள்ளைக்கார அதிகாரிகள் வேட்டையை விளையாட்டாய் ஆடினார்கள். மேஜர் தோமஸ் றொஜர்ஸ் என்பவர் மட்டும் 1,400 யானைக்கு மேல் சுட்டதாய்ச் சொல்லப்படுகிறது. 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். சாமுவேல் பேக்கர் தன் வேட்டைகளைப் பற்றி 1850களில் புத்தகமே எழுதினார். இப்படிச் சுட்டுத் தள்ளிக் கொஞ்ச நாளில் மிருகங்கள் குறைந்தன. 1891இல் யானைகளையும் வேட்டை மிருகங்களையும் பாதுகாக்க ஒரு சட்டம் வந்தது. 1894இல் வேட்டை மிருகப் பாதுகாப்புச் சங்கம் தொடங்கியது. இன்றைய வனசீவராசிகள், இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் தாய் அதுதான். 1909இல் இன்னொரு சட்டம். 1937இல் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். இன்றைக்கும் பல திருத்தங்களோடு நடைமுறையில் இருப்பது இது.

பாதுகாக்கவேணும் என்பதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கோ. மிருகத்தைக் குறைத்தவர்களின் கூட்டத்திலிருந்தே அதைப் பாதுகாக்கிற சங்கமும் வந்தது. அனுமதிப்பத்திரம் எடுத்துப் பொழுதுபோக்காய்ச் சுட்டவர் "வேட்டைப் பிரியர்" ஆனார். கறிக்குப் பிடித்த கிராமத்தான் கள்ள வேட்டைக்காரன் ஆனான்.

இங்கிலாந்திலேயே இந்தச் சண்டை நடந்திருக்கு. பயிரைத் தின்னும் முயலைப் பயிர் செய்கிறவனே பிடிக்கமுடியாத நிலை அங்கே நெடுநாள் இருந்தது. வேட்டை உரிமை காணிச் சொந்தக்காரனான பிரபுவுக்கு. 1880இல் வந்த ஒரு சட்டத்தால்தான் குத்தகைக்குச் செய்கிற விவசாயிக்குத் தன் நிலத்தில் முயல் பிடிக்கிற உரிமை கிடைத்தது. முயல் என்பது அங்கே வர்க்கப் பிரச்சினை. தமிழ்நாட்டில் 1972இன் இந்திய வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு நரிக்குறவர் போன்ற வேட்டைச் சமூகங்கள் தொழிலை இழந்து பாசிமணி விற்கிற நிலைக்குத் தள்ளப்பட்டதும் இதே கதையின் இன்னொரு பக்கம். சட்டம் மிருகத்தைப் பார்த்தது. மிருகத்தை நம்பியிருந்த சனத்துக்கு வேறு வழி என்ன என்று பார்க்கவில்லை.

திருக்குறளில் படைச்செருக்கு அதிகாரத்தில் ஒரு குறள் இருக்கு, 772. காட்டு முயலைச் சரியாய்த் தைத்த அம்பைவிட, யானைக்கு எறிந்து குறி தவறின வேலைக் கையில் வைத்திருப்பது மேல் என்பது கருத்து. போர்வீரனுக்குச் சொன்னது அது. ஆனால் அதிலும் முயல் பிடிக்கிறவன் சின்னவன், யானைக்குப் போகிறவன் பெரியவன். வள்ளுவர்புரத்தில் இருந்துகொண்டு முசல் பிடித்த சனம் இந்தக் குறளைப் படித்திருந்தால் என்ன சொல்லியிருக்கும்? தவறின வேலை அவிச்சுத் தின்னலாமோ என்று கேட்டிருப்பினம்.

பற்றறி இல்லாத காலம்

வலையோடு கூடவே ரோச் லைற் வேட்டையும் இருந்தது. இருட்டில் வெளிச்சம் கண்ணில் பட்டால் முசல் அசையாமல் நிற்கும், கண் சிவப்பாய் மின்னும். நிலவு நாளில் இது சரிவராது. நிலவில் முசல் வெட்டைக்கு வரப் பயப்படும். நிலாவிலேயே ஒரு முசல் இருக்கு என்று நாங்களும் சொல்லுகிறோம், சிங்களச் சனமும் சொல்லுகிறார்கள். பசித்து வந்தவருக்குக் கொடுக்க ஒன்றுமில்லாமல் தீயில் குதித்துத் தன்னையே கறியாக்கின முயலை நிலாவில் பதித்து வைத்தார்கள் என்பது புத்த ஜாதகக் கதை.

1990களில் இந்த இரவு வேட்டை நின்றது. காரணம் மிருகப் பாதுகாப்பு இல்லை, பொருளாதாரத் தடை. வன்னிக்குக் கொண்டுவரத் தடுக்கப்பட்ட சாமான்களில் பற்றறி முக்கியமானது. ரேடியோ கேட்கச் சைக்கிள் டைனமோவை மிதித்தார்கள். மண்ணெண்ணெய் கிடைக்காததால் ஜாம் போத்தலுக்குள் திரி போட்டு விளக்கு எரித்தார்கள். செய்தி கேட்கவே பற்றறி இல்லாத ஊரில் முசலுக்கு ரோச் அடிக்க யாருக்கு முடியும்? ஊரில் இருந்த அனுமதித் துவக்குகளும் யுத்தம் தொடங்கினதோடு மெல்ல மெல்ல இல்லாமல் போயின. மிஞ்சினது வலை. விடியப்புறத்தில் கண் வெளிச்சத்தோடு நடக்கிற வேட்டை.

அதே நேரம் வாய்கள் கூடின. 1995 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாணம் வெறுமையாகி, பிறகு பெருந்தொகைச் சனம் வன்னிக்கு வந்தது. 1996 செப்டெம்பரில் கிளிநொச்சி விழ அங்கிருந்தவர்களும் கிழக்கே வந்தார்கள். 1997 மேயில் ஜெயசிக்குறு தொடங்கியது. விசுவமடுப் பக்கத்துக் காணிகளிலும் காட்டோரங்களிலும் கொட்டில்கள் வந்தன. நிவாரணத்துக்கு அரிசியும் பருப்பும் வரும், வராமலும் விடும். அந்த வருடங்களில் முசல் ஒரு பொழுதுபோக்கு இல்லை, பிள்ளைகளுக்குக் கிடைத்த புரதம். எங்களில் பலருடைய அண்ணன்மார், அக்காமார் அந்தக் கறியில் வளர்ந்தவர்கள். "காட்டு இறைச்சி" என்று பகிடி பண்ணுகிறவர்கள் இந்த வருடங்களை ஒருக்கா நினைத்துப் பார்க்கவேணும். அன்றைக்குக் கொட்டில் போட்டு இருந்தவர்களில் யாழ்ப்பாணத்து ஆக்களும் இருந்தார்கள்.

2009க்குப் பிறகு

2009 ஜனவரி முடிவில் விசுவமடு வெறுமையானது. சனம் கிழக்குப் பக்கம் போய்க்கொண்டே இருந்தது. பிறகு மே மாதம், முள்வேலி முகாம்கள். 2010க்குப் பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாய் மீள்குடியேற்றம். திரும்பி வந்தபோது வளவுகளைப் பற்றை மூடியிருந்தது.

முசலுக்கு அது நல்ல இடம். மனிசருக்கு இல்லை. பற்றைக்குள் என்ன கிடக்கிறது என்று தெரியாது. சிவப்புப் பலகையில் மண்டையோட்டுப் படம் போட்டுக் கட்டியிருந்த இடங்கள் எங்கட சிறுவயதில் சர்வசாதாரணம். ஹலோ ட்ரஸ்ட், மாக், டாஷ் போன்ற நிறுவனங்கள் வருடக்கணக்காய் மண்ணைச் சாண் சாணாய்ச் சோதித்தன. அதில் எங்கட அக்காமார் பலர் வேலை செய்தார்கள். இலங்கை கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்ததே 2017 டிசம்பரில்தான்.

வலை வேட்டைக்கு என்ன நடந்தது என்பதை இங்கே வைத்துப் பார்க்கவேணும். தடியால் பற்றைகளைத் தட்டிக்கொண்டு வரிசையாய் இறங்கி வருகிற வேட்டை அது. கண்ணிவெடி இருக்கலாம் என்கிற நிலத்தில் ஒருவர் செய்யக்கூடிய ஆக ஆபத்தான வேலை அதுதான். அடுத்தது ஆள். வலைக்கு ஐந்தாறு பேர் வேணும் என்று சொன்னோம். அந்த ஐந்தாறு பேரில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள்? வந்தவர்களில் எத்தனை பேருக்கு ஓடுகிற கால் இருந்தது? வலை முடிகிற பழக்கம் காலப்போக்கில் தானாய் மறைந்தது என்று யாராவது எழுதினால் நம்பாதேங்கோ.

முசலை வலையிலிருந்து எடுக்கும்போது அது கத்தும். குழந்தை அழுகிற மாதிரி இருக்கும். 2009க்குப் பிறகு அந்தச் சத்தத்தைக் கேட்க ஏலாமல் வேட்டையை விட்ட ஆக்களும் ஊரில் இருக்கினம்.

காற்றுத் துவக்கு

இந்த இடைவெளிக்குள் வந்ததுதான் எயார் றைபிள். வெடிமருந்து இல்லை. சுருள்வில்லை முறித்து இழுத்து வைத்து விடும்போது உள்ளே காற்று அமுங்கி ஈயக் குண்டைத் தள்ளும். குண்டு 4.5 மில்லிமீற்றர் அல்லது 5.5 மில்லிமீற்றர். சத்தம் குறைவு. யுத்தம் முடிந்த ஊரில் சத்தம் குறைவு என்பது சின்ன விசயமில்லை.

இதை விளையாட்டுச் சாமான் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். 1780 அளவில் ஒஸ்திரியா இராணுவம் ஜிரார்டோனி என்பவர் செய்த காற்றுத் துவக்கைப் போருக்கே எடுத்தது. இருபது குண்டுக்கு மேல் தொடர்ந்து சுடலாம், புகை வராது. 1804இல் அமெரிக்காவின் மேற்கைத் தேடிப் போன லூயிஸ், கிளார்க் பயணத்திலும் ஒரு காற்றுத் துவக்கு போனது. வழியில் சந்தித்த பழங்குடிகளுக்கு அதைச் சுட்டுக் காட்டி மலைக்க வைத்தார்கள். அதிகாரம் காட்டுகிற கருவியாய்த்தான் இதன் கதையும் தொடங்குகிறது.

எங்கட பக்கத்தில் அது வேறு மாதிரி. மோட்டார் சைக்கிள், தலையில் கட்டின எல்.ஈ.டி. லைற், ஒரு எயார் றைபிள். இரண்டு பேர் போதும், தனியாகவும் போகலாம். பற்றைக்குள் இறங்கவே தேவையில்லை, வாய்க்கால் கட்டாலும் கிரவல் றோட்டாலும் போனால் காணும். பங்கு பிரிக்கத் தேவையில்லை. நாய் தேவையில்லை. தடம் பார்க்கத் தெரியத் தேவையில்லை. முன்னர் ஒரு பிள்ளை வேட்டைக்குப் பின்னால் திரிந்து நாலைந்து வருடத்தில் கற்றுக்கொண்டதை இப்ப லைற் செய்துவிடுகிறது.

கொல்லுகிற விதமும் வேறு. வலையில் பிடிபட்டால் உயிரோடு கையில் வரும். குட்டியோ, சினையோ என்று பார்க்கலாம், விடலாம். விட்டார்களா என்பது ஆளைப் பொறுத்தது. ஆனால் விடுவதற்கு ஒரு இடம் இருந்தது. எயார் றைபிளின் குண்டு சரியான இடத்தில் படாவிட்டால் முசல் காயத்தோடு ஓடிப் பற்றைக்குள் கிடந்து சாகும். யாருக்கும் கறியும் இல்லை, முசலும் இல்லை.

இதற்காக றைபிள் தூக்குகிற பெடியனைக் குற்றவாளியாக்கிப் போட்டு வலையைத் தெய்வமாக்க நாங்கள் விரும்பவில்லை. வலையும் கொன்றது. ஒரே பற்றையைத் திரும்பத் திரும்ப வளைத்தால் அங்கே ஒன்றும் மிஞ்சாது. அந்தப் பெடியனும் பெரும்பாலும் கூலிவேலைக்குப் போகிறவன், சில நேரம் எங்களோடு பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவன். எங்களுக்குக் கம்பஸ் கிடைத்தது, அவனுக்குக் கிடைக்கவில்லை. வேட்டையைப் பற்றி எழுதும்போது இதையும் சேர்த்து எழுதவேணும்.

பயிர் அழிக்கும் மிருகங்களை விரட்ட விவசாயிகளுக்கு எயார் றைபிள் கொடுக்கலாமா என்ற பேச்சு அண்மைய வருடங்களில் கொழும்பிலும் வந்தது. 2025 மார்ச் 15 காலை எட்டு மணிக்கு நாடு முழுக்க ஐந்து நிமிடம் குரங்கு, மயில், மர அணில் எண்ணினார்கள். முசல் அந்தக் கணக்கில் இல்லை. பெரிய நட்டம் செய்யாத மிருகத்தை எண்ணவும் ஆளில்லை, காக்கவும் ஆளில்லை.

இனி?

வடக்கே சுண்டிக்குளம் 1938இல் பறவைகள் சரணாலயமாகி 2015இல் தேசியப் பூங்காவாய் உயர்த்தப்பட்டது. அதற்குள் வேட்டை குற்றம், அது சரிதான். ஆனால் பாதுகாப்பு என்றால் எல்லைக்கல் நடுவது மட்டும் என்று ஆகிவிட்டது. எல்லைக்கு வெளியே கச்சான் தோட்டத்திலும் வாய்க்கால் கரையிலும் சீவிக்கிற முசலைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. அங்கே அதைக் காக்கக்கூடியவர்கள் அதைத் தெரிந்தவர்கள்தான். தடம் பார்க்கத் தெரிந்தவருக்கு எண்ணவும் தெரியும். எந்த வேலிப் பொட்டால் வரும், புழுக்கை பழசா புதுசா, போன வருடத்தைவிடக் குறைவா கூடவா என்று சொல்ல எந்தக் கருவியும் வேண்டாம். வேட்டைக்காரரின் அறிவைக் கணக்கெடுப்புக்கு எடுக்கலாம். வேட்டை வேண்டாம் என்று சொல்லுகிறவர்கள் இந்த இடத்திலிருந்து தொடங்கினால் ஊரில் ஆள் கேட்கும். "காட்டுச் சனம்" என்று தொடங்கினால் கேட்காது.

எங்களால் செய்யக்கூடியது ஒன்று இருக்கு. வலை முடியத் தெரிந்தவர்களுக்கு இப்ப அறுபது, எழுபது வயது. அவர்களிடம் போய் ஊசி எப்படிப் பிடிப்பது, முடிச்சு எப்படி விழும், எந்தக் குட்டியை விடுவினம், யாருக்கு எத்தனை பங்கு என்று கேட்டு எழுதி, படம் எடுத்து வைப்பது. முசலைப் பிடிக்காமலே வலையைப் படிக்கலாம். 1990களில் எத்தனை அடுப்பில் அந்தக் கறி கொதித்தது என்று அம்மாமாரிடமும் கேட்கவேணும். வேட்டைக் கதையில் சமைத்தவர்களை எப்பவும் விட்டுவிடுவார்கள். அரிசி இல்லாத நாளில் நாலு துண்டை எட்டுப் பேருக்குப் பிரித்த கணக்கு அவர்களிடம்தான் இருக்கு.

வன்னிப் பக்கம் பிறந்து இதை வாசிக்கிற ஆக்கள், அடுத்த லீவுக்கு வீட்ட போகும்போது ஒருவரிடமாவது கேளுங்கோ. யார் வலை, என்ன நூல், எந்த வருடம் கடைசியாய்க் கட்டினது. மூன்று கேள்வி போதும். அதை எழுதி அனுப்புங்கோ, சேர்த்து வைப்பம்.